விலாசமும் இடாப்பும்: கண்டிப் பிரதேசச் சிறு அலுவலகங்களில் நிலையான வலையமைப்பு முகவரி – ஒரு வரலாற்று நோக்கு

கடிதத்தின் மேலுறையில் எழுதப்படும் விலாசத்துக்கும் ஓர் அலுவலகத்துக் கணனிக்கு வழங்கப்படும் எண்முகவரிக்கும் பொதுவான பண்பு யாதெனில், இரண்டும் ஓர் இடாப்பிலே தங்கியிருத்தலாகும். விலாசம் வீட்டுச் சுவரில் உள்ளதென்றே பொதுவாக எண்ணப்படுகின்றது. உண்மையில் அது எங்கோ ஓர் அலுவலகத்திற் பேணப்படும் பதிவிலேயே உள்ளது. பதிவு மாறுமாயின் சுவர் இருந்தபடியே இருக்க விலாசம் மாறிவிடும். எனவே, இடாப்பு எவர் கையில் இருந்தது என்பதே விலாசத்தின் வரலாற்றில் முதலில் எழும் வினாவாகும். கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை முதலிய இடங்களிலும் ஐந்தாறு பேர் பணிபுரியும் அலுவலகங்களில், சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கப்படும் ரவுட்டர் ஒன்றைக் கொண்டே கணனிகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் நிலையான முகவரி வழங்கப்படுகின்றது. இச்சிறு செயலின் பின்னணியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதனை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்க ஆய்வுகூடங்களிலிருந்து தொடங்குவதிலும், தேயிலைத் தோட்டத்தின் தபாற் பையிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருவீதி ஆளுநர் எட்வர்ட் பார்ன்சின் காலத்தில் அமைக்கப்பட்டது. 1832 இல் அவ்வீதி வழியே குதிரைகள் பூட்டிய தபால் வண்டிச் சேவை தொடங்கிற்று. 1857 இல் இலங்கையில் தபால் முத்திரை அறிமுகமாயிற்று. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. நகரத்து வர்த்தகருக்கு வீதிப் பெயரும் கட்டட இலக்கமும் விலாசமாக அமைந்தன. கடன் கொடுத்தும் வணிகம் செய்தும் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடத்து விலாசம் என்ற சொல்லே வேறொரு பொருளில் வழங்கியமை ஈண்டு நினைக்கத்தக்கது. தொழிற்பெயருக்கு முன் வரும் தலைப்பெழுத்துகளையே அவர்கள் விலாசம் என்றனர். கடை இடம் மாறினும் அவ்வெழுத்துகள் மாறா. நிலையான முகவரி என்ற எண்ணத்துக்கு இதனினும் சிறந்த பழைய எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

புகையிரதம் வந்த அதே 1867 ஆம் ஆண்டிலேயே கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் வர்த்தக அடிப்படையில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளருக்கு விலாசம் வேறொரு வகையில் அமைந்தது. தோட்டம் முழுவதற்கும் வெளியுலகில் ஒரே விலாசம். அனுப்புபவர் பெறுநரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் தபாற்கந்தோரின் பெயரையும் எழுதுவார். தப்பால்காரன் தபாற்கந்தோருக்குச் சென்று பையைத் தோட்டக் கந்தோருக்குக் கொண்டுவருவான். அங்கே கடிதங்கள் பிரிக்கப்பட்டு, பெரட்டின் போதோ கங்காணி மூலமாகவோ உரியவரைச் சென்றடையும். லயத்து அறைகளுக்கு இலக்கங்கள் இருந்தன. ஆயினும் அவ்விலக்கங்கள் தோட்டத்தின் இடாப்புக்கே உரியன, தபால் திணைக்களத்தின் இடாப்புக்கு உரியனவல்ல. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்தபின் கைக்கு வந்து சேர்ந்தது என்ற முறைப்பாடு மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வந்ததற்கு இவ்வமைப்பே காரணமாகும். கடிதத்தைத் தாமதப்படுத்துதற்கு எவரும் தீயவராக இருக்கவேண்டியதில்லை. இடையில் ஒரு கை இருப்பதே போதுமானது.

இதன் விளைவு கடிதத்துடன் நின்றுவிடவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினாற் பெரும்பாலான தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர். அடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1 ஆந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதோர் பத்து ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவவேண்டுமென விதித்தது. தன் பெயரில் ஒரு விலாசம் இல்லாதவன் தன் வதிவை எதைக் கொண்டு நிறுவுவான்? தோட்டத்தின் செக்றோலே பலருக்குக் கிட்டிய சான்றாயிற்று. அச்செக்றோல் தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. தோட்டக் கந்தோரின் அலுமாரியில் இருந்தது. பல்லாண்டு ஒரே அறையில் வாழ்ந்தவரும் தாம் அங்கு வாழ்ந்ததைக் காட்டுதற்குப் பிறர் எழுதிய ஏட்டை வேண்டி நின்றனர். வாழும் இடம் நிலையாக இருத்தல் வேறு, விலாசம் நிலையாக இருத்தல் வேறு என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி வலையமைப்பு முகவரிக்கு வருவோம். கணனி ஒன்று மற்றொன்றுடன் தொடர்புகொள்ள அதற்கும் விலாசம் வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியினால் உருவான ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பு, 1983 ஜனவரி 1 ஆந் திகதி இன்றைய இணையத்தின் அடிப்படையான நெறிமுறைக்கு மாறியது. 1981 இல் வெளியான அந்நெறிமுறையின் வரைவு ஒவ்வொரு முகவரிக்கும் 32 பிற்றுகளை ஒதுக்கியது. கணக்கிட்டால் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் முகவரிகள் கிடைக்கும். எண்களை ஒதுக்கும் இடாப்பைப் பல்லாண்டு காலம் பேணியவர் ஜோன் போஸ்ரல் என்னும் அறிஞர். 1998 இல் அவர் மறையும்வரை அப்பொறுப்பு அவருடன் இணைந்தே இருந்தது. தொடக்க காலத்தில் எண்கள் தாராளமாக வழங்கப்பட்டன. மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் ஒன்றே ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகளை நீண்ட காலம் வைத்திருந்து, 2017 இல் அவற்றுள் ஒரு பகுதியை விற்றது. முதலில் வந்தோர் நிலத்தை அளவின்றிப் பெற்றுக்கொள்ள, பின்வந்தோர் பேர்ச்சுக் கணக்கில் வாதிடும் காட்சி மலைநாட்டுக் காணி வரலாற்றை அறிந்தவர்க்குப் புதிதன்று.

இலங்கை இவ்விடாப்பினுள் நுழைந்தது பல்கலைக்கழகங்களின் வழியாகவே. பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடக்கிய லேர்ன் எனப்படும் கல்வி, ஆய்வு வலையமைப்பு 1990 அளவில் மின்னஞ்சற் சேவையாக உருப்பெற்றது. நாட்டின் பெயரைக் குறிக்கும் எல்.கே. என்ற ஆட்களப் பெயரும் 1990 இலேயே பதிவாயிற்று. 1990களின் நடுப்பகுதியிற் பல்கலைக்கழகங்கள் நிரந்தர இணைப்புகளாற் பிணைக்கப்படலாயின. 1995 இல் வணிக இணையச் சேவையும் ஆரம்பமாயிற்று. 192.248 என்னும் எண்களுடன் தொடங்கும் முகவரிகள் லேர்ன் வலையமைப்புக்கு உரியவை. முற்காலத்தே பெற்றமையால் அவை வெளியுலகின் இடாப்பிலே நேரடியாகப் பதிந்த உண்மை முகவரிகளாகும். ஆகவே கலஹாச் சந்தியின் ஒருபுறத்திற் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சேவைக் கணனி உலகின் எப்பகுதியிலிருந்தும் தன் எண்ணாலேயே அழைக்கப்படக்கூடியதாக இருக்க, மறுபுறத்துக் கடையின் கணனி அவ்வாறு அழைக்கப்பட முடியாததாய் உள்ளது. இவ்வேற்றுமைக்குக் காரணம் அறிவோ பணமோ அன்று. இடாப்பைத் திறந்து வைத்திருந்த காலத்தில் யார் வரிசையில் நின்றார் என்பதேயாகும்.

எண்கள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் 1990களின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. அதற்குக் கண்ட பரிகாரங்கள் மூன்று, சில ஆண்டுகளுள் அடுத்தடுத்து வந்தன. 1993 இல் டி.எச்.சி.பி. என்ற நெறிமுறை வெளியாயிற்று. இதன்படி முகவரி கணனிக்குச் சொந்தமாக வழங்கப்படுவதில்லை. குறித்த காலத்துக்குக் குத்தகையாகவே கொடுக்கப்படும். குத்தகை என்ற சொல் இங்கு உவமையாக வந்ததன்று, அத்துறையினர் கையாளும் சொல்லே அதுதான். 1994 இல் முகவரிப் பெயர்ப்பு என்ற உத்தி விபரிக்கப்பட்டது. ஓர் அலுவலகத்தின் கணனிகள் அனைத்தும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தோன்ற, வாயிலில் உள்ள கருவி எந்தச் செய்தி எவருக்குரியது என்ற பட்டியலை வைத்துப் பிரித்துக்கொடுக்கும். அதே ஆண்டில் உள்ளகப் பயன்பாட்டுக்கென்றே சில எண்தொகுதிகள் ஒதுக்கப்பட்டு, 1996 இல் அவ்வொதுக்கீடு இன்றைய வடிவைப் பெற்றது. 192.168 என்று தொடங்கும் எண்கள் இவ்வகையின. அவற்றை எவரும் யாரையும் கேளாது பயன்படுத்தலாம். வெளியுலகில் அவற்றுக்கு மதிப்பில்லை.

தோட்டத்துத் தபால் முறையை அறிந்த ஒருவர் இவ்வமைப்பை நோக்குமிடத்து, அதனைப் புதிதாகக் கற்கவேண்டிய தேவை இராது. தோட்டத்தின் பெயர் வெளிமுகவரி. லயத்து இலக்கம் உள்முகவரி. தோட்டக் கந்தோரின் பட்டியலே பெயர்ப்புப் பட்டியல். உள்ளிருப்பவர் வெளியே கடிதம் எழுதலாம், அதற்கு மறுமொழியும் வரும். வெளியிலுள்ள அந்நியர் உள்ளிருக்கும் ஒருவரை அறைக்கதவு வரை வந்து தட்டுதல் இயலாது. இதனைப் பாதுகாப்பு என்று போற்றுவாரும் உளர். ஆயின் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தோட்டத்தில் இடாப்பை எழுதியவர் வேறு, இடாப்பில் எழுதப்பட்டவர் வேறு. சிறு அலுவலகத்திலோ ரவுட்டரை வாங்கியவரே இடாப்பையும் எழுதலாம்.

இவ்வாய்ப்பு எளியோர் கைக்கு வந்த வரலாறு குறுகியது. 1999 இல் வெளியான விண்டோஸ் 98 இன் இரண்டாம் பதிப்பில், ஒரு கணனியையே வாயிலாக்கி ஏனையவற்றுக்கு இணைப்பைப் பகிரும் வசதி இருந்தது. அக்கணனியை அணைத்தால் அலுவலகம் முழுவதும் இணைப்பிழக்கும். 2002 இன் இறுதியில் லிங்சிஸ் நிறுவனம் வெளியிட்ட நீல, கறுப்பு நிறச் சிறுபெட்டி, பெருநிறுவனங்களிடம் மட்டும் இருந்த பணிகளை ஒருங்கே செய்தது. அதனுள் லினக்ஸ் இருந்தமை அறியப்பட்டதும் அதன் மூலநிரல் 2003 இல் வெளியிடப்பட்டது. 2004 இல் ஓப்பின் டபிள்யூ.ஆர்.ரி. என்னும் திறந்த மென்பொருள் முயற்சி அதிலிருந்து கிளைத்தது. பின்னர் சீனத் தயாரிப்புகள் விலையை மேலும் இறக்கின. இலங்கையில் தொலைபேசிக் கம்பி வழியான அகலப்பட்டை இணைப்பும், 2013 அளவில் வந்த நான்காம் தலைமுறை வானலை இணைப்பும் இத்தகைய கருவிகளைக் கண்டியின் வீதிகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

யட்டிநுவர வீதியின் மாடியொன்றில் இயங்கும் கணக்காளர் அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். நான்கு கணனிகள், ஓர் அச்சுப்பொறி, வரவு பதியும் கைவிரலடையாள இயந்திரம், வாசலில் ஒரு கண்காணிப்புக் கமரா. ரவுட்டர் தனக்கு 192.168.1.1 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, ஏனையவற்றுக்கு 100 முதல் 199 வரையான எண்களைக் குத்தகைக்குக் கொடுக்கின்றது. கணனியின் எண் மாறினாற் கேடில்லை. கணனி தேடிச் செல்வது, தேடப்படுவதன்று. அச்சுப்பொறியோ தேடப்படுவது. அதன் எண் காலையில் 103 ஆகவும் மாலையில் 107 ஆகவும் இருப்பின் கணனிகள் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். நிலையான முகவரி வேண்டுவது தேடப்படுவனவற்றுக்கே என்பது இத்துறையின் முதல் விதி எனலாம்.

அதனை வழங்குதற்கு இரு வழிகள் உள. அச்சுப்பொறியின் அமைப்புப் பகுதியிலேயே எண்ணை எழுதிவிடுதல் ஒன்று. ரவுட்டரின் பட்டியலில் எழுதுதல் மற்றையது. முதல் வழியைக் கையாள்வோர் பெரும்பாலும் செய்யும் பிழை, குத்தகைக்குரிய 100 முதல் 199 வரையான எல்லைக்குள் ஓர் எண்ணைத் தெரிந்தெடுத்தலாகும். ரவுட்டருக்கு அது தெரியாது. அதே எண்ணை வேறொரு கைத்தொலைபேசிக்குக் கொடுத்துவிடக்கூடும். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் எழுதப்பட்டது போல் இரு கருவிகளும் முரண்பட்டு, அச்சுப்பொறி ஒருநாள் இயங்கி மறுநாள் இயங்காதிருக்கும். எனவே எல்லைக்கு வெளியே, 20 அல்லது 30 போன்ற எண்ணைக் கொடுத்தல் வேண்டும். இரண்டாம் வழி இதனினும் சிறந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பின்போதே 48 பிற்றுகள் கொண்ட மக் முகவரி பதிக்கப்படுகின்றது. அதன் முற்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும், பிற்பாதி கருவியைக் குறிக்கும். இன்ன மக் முகவரி வந்து கேட்டால் இன்ன எண்ணையே கொடு என்று ரவுட்டரின் இடாப்பில் ஒருமுறை எழுதிவிட்டாற் போதும். மலிவான ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் இவ்வசதி முகவரி ஒதுக்கீடு என்ற பொருள்படும் தலைப்பின்கீழ் உள்ளது. மேலதிகச் செலவு எதுவுமில்லை.

இவ்வளவு எளிதாயினும் பல அலுவலகங்களில் இது செய்யப்படாமலேயே இருந்தது. அக்குறை வெளிப்பட்டது 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் போதாகும். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை சென்றது. மலிவான ரவுட்டர்களிற் பல, மின் நின்றவுடன் தாம் கொடுத்த குத்தகைகளை மறந்துவிடும் இயல்பின. ஒதுக்கீடாக எழுதப்பட்டவற்றையோ மறப்பதில்லை. மின் மீண்டதும் முதலில் விழித்துக்கொண்ட கருவி முதல் எண்ணைப் பெற்றுக்கொள்ளக்கூடும். மின் இருந்த சொற்ப நேரத்தில் வேலையை முடிக்கவேண்டிய அலுவலகத்துக்கு, அச்சுப்பொறியைத் தேடிக்கண்டுபிடிக்கும் அரைமணி நேரம் சிறிய இழப்பன்று. நாட்டின் நெருக்கடி ஓர் அச்சுப்பொறியின் விலாசம் வரை இறங்கிவந்த இக்காலத்தை வரலாற்று மாணவர் புறக்கணித்தலாகாது.

இதற்கும் அடியில் இடாப்பு பற்றிய பழைய வினாவே கிடக்கின்றது. ரவுட்டரைப் பொருத்தியவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஒரு தொழினுட்பவியலாளர். கடவுச்சொல்லை அவர் அறிவார். எண்களை அவர் தம் நினைவில் வைத்திருப்பார். அவர் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விட்டால் அலுவலகத்தின் இடாப்பும் அவருடன் போய்விடுகின்றது. எஞ்சியோர் செய்யக்கூடியது பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை அழுத்தி யாவற்றையும் அழித்து மீளத் தொடங்குதலே. பாடசாலை அப்பியாசக் கொப்பி ஒன்றில் கருவியின் பெயர், மக் முகவரி, வழங்கிய எண் ஆகிய மூன்று நிரல்களை எழுதி ரவுட்டரின் அருகே வைத்திருக்கும் அலுவலகங்களும் உள்ளன. அவை இவ்வல்லலுக்கு ஆளாவதில்லை. அக்கொப்பி செக்றோலுக்கு நேர் எதிரானது: அதிலே பதியப்பட்டவற்றுக்கு உரியவர் கையிலேயே அதுவும் உள்ளது.

அலுவலகத்தின் உள்ளே நிலைமை இவ்வாறாக, வெளியே நிலையான முகவரி மேலும் அரிதாகியது. ஆசிய பசுபிக் பிராந்தியத்துக்கு எண்களை வழங்கும் ஏப்னிக் நிறுவனத்தின் சாதாரண கையிருப்பு 2011 ஏப்ரிலில் முடிவுற்றது. எஞ்சிய கடைசித் தொகுதியிலிருந்து உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சிறு பங்குகளே பின்னர் வழங்கப்பட்டன. உலகின் பல சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குத் தனி வெளிமுகவரி கொடுப்பதையே தவிர்த்து, நூற்றுக்கணக்கானோரை ஒரே முகவரியின் பின்னே நிறுத்தலாயின. இதற்கென 2012 இல் 100.64 என்று தொடங்கும் இன்னொரு தொகுதி ஒதுக்கப்பட்டது. அலுவலகத்து ரவுட்டருக்கு மேலே சேவை நிறுவனத்தின் பெரிய வாயில் ஒன்று நிற்கின்றது. சில்லறைக் கங்காணிக்கு மேலே பெரிய கங்காணி நின்ற பழைய தோட்ட முறையே இதற்கு ஒப்பாகும். இந்நிலையில், வீட்டிலிருந்தபடி கமராவைப் பார்க்க விரும்பும் உரிமையாளர் ஒன்றில் மாதக் கட்டணம் செலுத்தி நிலையான வெளிமுகவரியைப் பெறவேண்டும். அன்றேல் கமராத் தயாரிப்பாளரின் வெளிநாட்டுச் சேவைக் கணனியை இடைத்தரகராகக் கொள்ளவேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதைத் தெரிவது அது இலவசம் என்பதனாலேயே. தம் வாசலின் படம் கடல் கடந்து சென்று திரும்பி வருவதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

உள்ளகத்திலும் ஒரு புதிய சிக்கல் தோன்றியுள்ளது. 2019 இல் அன்ட்ரொயிட் பத்தாம் பதிப்பும் 2020 இல் அப்பிள் கைத்தொலைபேசிகளும், உரியவரைப் பின்தொடர்வதைத் தடுக்கும்பொருட்டு, வலையமைப்புகளுக்கு உண்மையான மக் முகவரிக்குப் பதிலாகப் புனையப்பட்ட ஒன்றைக் காட்டத் தொடங்கின. புனைந்த முகவரி மாறுமிடத்து ரவுட்டரின் இடாப்பிலுள்ள பதிவு பயனற்றதாகின்றது. அச்சுப்பொறிக்கு நிலையான விலாசம் வேண்டியிருப்பது போலவே, மனிதர் கையிலுள்ள கருவிக்குச் சில வேளைகளில் விலாசமின்மையே வேண்டியிருக்கின்றது. கண்டியின் பழைய தோட்ட வரலாற்றில் விலாசமின்மை ஓர் இழப்பு. இங்கோ அது விரும்பித் தேடப்படும் பாதுகாப்பு. வேறுபாடு, அதனைத் தெரிவு செய்தவர் யார் என்பதிலேயே உள்ளது.

128 பிற்றுகள் கொண்ட ஆறாம் பதிப்பு முகவரி 1995 இலேயே வரையப்பட்டுவிட்டது. அம்முறையில் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு அச்சுப்பொறிக்கும் உலகறிந்த தனி முகவரி கொடுத்தாலும் தொகுதி தீராது. ஆயினும் அம்முகவரியின் முற்பகுதி சேவை நிறுவனத்தின் இடாப்பிலிருந்தே வருகின்றது. நிறுவனம் அதனை மாற்றுமாயின் அலுவலகத்தின் முகவரிகள் யாவும் ஒருசேர மாறும். ஆறாம் பதிப்பு இயங்கும் இடங்களிலும் அச்சுப்பொறிக்குப் பழைய 192.168 எண்ணையே வைத்துக்கொள்ளும் வழக்கம் இதனாலேயே தொடர்கின்றது. வெளியுலகம் அறியாத எண்ணாயினும், அதனை எழுதும் கொப்பி அலுவலகத்து மேசைமீதே இருக்கின்றது.